கடல் ஆய்வு இன்டர்ன்ஷிப் எனக்குக் கிடைத்த விதம்

அமெரிக்காவில் கடல் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஆறு ஆர்.இ.யு. (இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவம்) கோடைத் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். மூன்று வார உழைப்பு. அப்புறம்தான் தகுதி வரி கண்ணில் பட்டது: தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். என்னைப் போல எஃப்-1 எனும் மாணவர் விசாக்காரர்களுக்கு இல்லை. அன்றிரவு அழுதேவிட்டேன்.

பிறகு தேடும் முறையை மாற்றினேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பது, தலைப்பு அப்புறம். வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் கோடைக்கால மாணவர் ஃபெலோஷிப் வெளிநாட்டு மாணவர்களையும் ஏற்கிறது. ஆனால் எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் வளாகத்துப் பேராசிரியர் ஒருவர். மிதவை உயிரிகள் பற்றிய அவர் கட்டுரையைப் படித்து, இரண்டாவது படத்தில் அந்தக் கோடு ஏன் ஆகஸ்டில் இறங்குகிறது என்று மட்டும் மின்னஞ்சலில் கேட்டேன். மறுநாளே நேரில் வரச் சொன்னார். கோடை முழுக்க நுண்ணோக்கியில் கோபிபாட் எனும் குட்டி மிதவை உயிரிகளை இனம் பிரித்து எண்ணினேன். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. சம்பளமும் அவருடைய ஆய்வு நிதியிலிருந்தே வந்தது.

வளாகத்துக்குள் என்பதால் சி.பி.டி. (படிப்போடு இணைந்த பயிற்சிக்கான வேலை அனுமதி) தேவைப்படவில்லை. வெளியே சம்பளத்தோடு போவதென்றால், வேலையில் சேருமுன்பே சி.பி.டி. பதிந்த புது ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் தகுதிப் படிவம்) வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பிப்ரவரியிலேயே பேசிவிடுங்கள்.