மைலேஜ் எண்ணை நம்பி ஹைபிரிட் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013-இல் காட்சிக்கு வைத்த, எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் எக்ஸ்எல்1 என்ற ஹைபிரிட் காருக்கு 100 கிலோமீட்டர் ஓட 0.9 லிட்டர் டீசல் போதும் என்று அறிவிக்கப்பட்டது. நாம் பேசும் கணக்கில் அது லிட்டருக்கு 111 கிலோமீட்டர். அந்த எண்ணுக்காக உடல் முழுவதும் கார்பன் இழையால் செய்யப்பட்டு எடை 795 கிலோவாகக் குறைக்கப்பட்டது. பக்கக் கண்ணாடிகள் நீக்கப்பட்டுக் கேமராக்கள் வைக்கப்பட்டன. இருக்கைகள் இரண்டே, அவற்றிலும் ஒன்று மற்றொன்றைவிடச் சற்றுப் பின்தள்ளி அமைந்தது. ஒரு லட்சம் யூரோவுக்கும் அதிகமான விலையில் 250 கார்களே தயாரிக்கப்பட்டன. அந்த 0.9 என்ற எண்கூட, மின் இணைப்பில் முன்கூட்டியே ஏற்றிவைத்த பேட்டரியின் உதவியையும் சேர்த்துப் பெறப்பட்டதுதான். மின் இணைப்பில் ஏற்றும் ஹைபிரிட் கார்களின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு உண்மைச் சாலையில் ஆய்வக அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உரிமையாளர்கள் பேட்டரியை ஏற்றாமலேயே ஓட்டுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எக்ஸ்எல்1 காரை நாம் யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் அந்தக் காரை உருவாக்கிய அதே எண் மயக்கம் நம் ஊர் ஷோரூம்களிலும் இருக்கிறது. முதல் தவறு, மிச்சத்தை லிட்டரில் கணக்கிடாமல் மைலேஜில் கணக்கிடுவது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர், லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் காரிலிருந்து 20 தரும் காருக்கு மாறினால் 491 லிட்டர் மிச்சமாகும். 28 தரும் காரிலிருந்து 111 தரும் எக்ஸ்எல்1-க்கு மாறினாலோ மிச்சம் 320 லிட்டர்தான். 9 கூடியதால் கிடைத்த லாபம் 83 கூடியதால் கிடைத்த லாபத்தைவிடப் பெரிது என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கலாம்; ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். புதிய காரின் மைலேஜ் எவ்வளவு என்பதற்கு முன்னால், இப்போதைய கார் எவ்வளவு குடிக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்த தவறு, சோதனைக் கூடத்தின் எண்ணைத் தன் சாலையின் எண்ணாகக் கொள்வது. 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைகளுக்கு அறிவிக்கப்பட்ட எண் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். இந்தியச் சோதனை முறையில் கார் உருளைகளின் மீது, ஏசி அணைக்கப்பட்ட நிலையில், 90 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில் ஓடுகிறது. சித்திரை வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் ஏசி இல்லாமல் கார் ஓட்டுபவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் இதே சிக்கல் எழுந்தபோது, அதிவேகம், ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றையும் சேர்த்து 2008 மாடல் கார்களிலிருந்து கணக்கீட்டு முறையையே மாற்றினார்கள். டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் இரண்டாம் தலைமுறைக்கு நகர மைலேஜ் கேலனுக்கு 60 மைலிலிருந்து 48 ஆக இறங்கியது. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

ஹைபிரிட் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குவது இவற்றைவிடச் செலவு வைக்கும் தவறு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேமிப்பதும், சிக்னலிலும் ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் எஞ்சினை அணைத்துவைப்பதும்தான் அதன் பெரும் பலன். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரே வேகத்தில் போகும்போது இவ்விரண்டுக்கும் வேலை குறைவு. ஆகவே இரண்டு நண்பர்கள் ஒரே ஹைபிரிட் காரை, சாதாரண பெட்ரோல் வகையைவிட இரண்டு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, இருவரும் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் பெறுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரில் 11 மட்டுமே கிடைக்கும் நகரவாசிக்கு, லிட்டர் 100 ரூபாய், ஆண்டுக்கு அதே 12,000 கிலோமீட்டர் என்ற கணக்கில், அந்தப் பணம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும். நெடுஞ்சாலையிலேயே ஓடி, பெட்ரோல் காரிலும் 17 பெற்றிருக்கக்கூடியவருக்கு அது திரும்ப 19 ஆண்டுகள் ஆகும்.

ஹைபிரிட் என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ராங் ஹைபிரிட் காரை மோட்டார் தனியாகவும் நகர்த்தும். மைல்ட் ஹைபிரிட் காரில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாகக் காரை நகர்த்தாது. பின்கதவில் ஒட்டியுள்ள எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

டிக்கியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரிக்கு இடம் விட்டதால் ஹோண்டா சிட்டியில் 506 லிட்டராக இருந்த டிக்கி ஹைபிரிட் வகையில் 306 லிட்டராகவும், கிராண்ட் விட்டாராவில் 373 என்பது 265 ஆகவும் சுருங்கின. வீட்டில் வழக்கமாக ஊருக்கு எடுத்துச் செல்லும் பெட்டியையே ஷோரூமுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் அப்படிச் செய்தபோது விற்பனையாளர் சிரித்தார்; பெரிய பெட்டி படுத்த வாக்கில் போகவில்லை.

மலைப்பாதையில் நேரும் தவறு பணத்தோடு நிற்பதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இறக்கத்தில் பேட்டரி தானாக ஏறிக்கொண்டே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது உயரம் சுமார் 1,800 மீட்டர் குறைகிறது. ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் இழக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால், மின்வாரியம் நமக்குக் கணக்கெழுதும் அதே யூனிட்டில் ஏறத்தாழ எட்டு வரும். ஹைரைடரின் பேட்டரி கொள்வதோ 0.76 யூனிட்; அதிலும் முழுவதையும் நிரப்பவோ காலி செய்யவோ கட்டுப்பாட்டுக் கணினி விடுவதில்லை. ஆகையால் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிட, மோட்டார் கொடுத்துவந்த தடுப்பு குறைகிறது. அதுவரை லேசாக மிதித்துப் பழகிய கால் சக்கர பிரேக்குகளையே முழுதும் நம்ப வேண்டிவருகிறது. அவை சூடேறிப் பிடிப்பு இழப்பது எந்தக் காருக்கும் பொதுவான ஆபத்து. கியர் நெம்புகோலில் பி (B; காரை நிறுத்திவைக்கும் P அல்ல) என்று ஒரு நிலை இருப்பது இதற்காகத்தான்: அதில் வைத்தால் எஞ்சின் தன் சுழற்சியால் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும். அப்போது எழும் உறுமலைக் கேட்டு ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி வழக்கமாக ஓட்டும் டி (D) நிலைக்கு மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவது இன்னும் மோசம். டொயோட்டா ஹைபிரிட்களில் நியூட்ரலில் பேட்டரி ஏறவே ஏறாது.

பழைய ஹைபிரிட் வாங்குவோர் பேட்டரியின் வயதை விசாரிப்பார்கள். அது மூச்சுவிடும் வழியைப் பார்ப்பதில்லை. ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா கார்கள் பெருமளவில் இறக்குமதியான இலங்கையில் இது எளிதில் காணக்கூடிய குறை: பின்னிருக்கைக்கு அருகே சிறு துவாரங்கள் உள்ள ஒரு தட்டு இருக்கும், பேட்டரியைக் குளிர்விக்க ஒரு விசிறி இழுக்கும் காற்று அதன் வழியாகத்தான் செல்கிறது. அதன்மேல் துணிப்பையைச் சாய்த்துவைத்தாலோ உள்ளே தூசியும் நூலும் படிந்தாலோ பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். கையை வைத்துத் தடவினால் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு வந்தால், விலை பேசும் முன் அந்த விசிறியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம்.

பெரிய பேட்டரியைப் பற்றிய கவலையில் சிறிய 12 வோல்ட் பேட்டரி மறந்துபோகிறது. கணினிகளை எழுப்பிப் பெரிய பேட்டரியை இணைத்துவிடுவது அதுதான். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் கார் அசையாது. மூன்று வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது என் காரின் கதவுகூடச் சாவி பொத்தானுக்குத் திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருந்த உலோகச் சாவியால் திறந்து, பேட்டரி கடைக்காரரை வரவழைத்தேன். இப்போது வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை திரையில் ரெடி என்ற எழுத்து வரும்வரை இயக்கி அரை மணி நேரம் அப்படியே விடச் சொல்லிவிட்டுப் போகிறேன்.