வராத பிள்ளை திரும்பி வரும்போது நாம் செய்யும் தவறுகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். நான்கு நாள் வராமல் இருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைப் போன வாரம் ஒரு புது ஆசிரியர் வகுப்பு வாசலிலேயே நிறுத்தினார். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, அப்புறம் உள்ள வரலாம்" என்றார். அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

அந்த அப்பா யார்? சூளையில் கல் அறுப்பவர், லாரியில் லோடு ஏற்றுபவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அப்பா வராமல் உள்ளே விடமாட்டார்கள் என்று பிள்ளையும் நின்றுவிடும். நான்கு நாள் விடுப்பு இரண்டு வாரமாகும். அதற்குள் இயற்கணிதம் பாதி ஓடியிருக்கும். வந்து உட்கார்ந்தாலும் கரும்பலகையில் இருப்பது புரியாது.

முன்பு நான் அப்படித் திருப்பி அனுப்பிய பையனின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தான். இரண்டாம் பாடவேளை வரை பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான். அப்புறம் பார்த்தால் ஆளைக் காணோம். அப்பாவோடு வருவான் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். "அவங்க அப்பா லோடு ஏத்திக்கிட்டு கேரளா போனாருங்க சார், வந்ததும் அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார் அவன் அம்மா. பையன் அதற்குள் பஞ்சர் கடையில் சேர்ந்திருந்தான். தினமும் கையில் காசு. வயது 15. கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிடி 14 வயதோடு முடிகிறது. எவ்வளவோ கூப்பிட்டும் அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தது நான்தான். இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்த பிள்ளையை முதலில் உள்ளே விடுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் காரணம் கேட்காதீர்கள், "வழி தெரிஞ்சுதா?" என்று குத்தாதீர்கள். அன்றைக்கு அவனால் போட முடிந்த ஒரு கணக்கையாவது கொடுங்கள். மதியம் சத்துணவு நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று ஆரம்பியுங்கள். காரணம் தானாக வரும். அப்பாவைப் பார்த்தே ஆக வேண்டுமா? சரி, அவர் வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரி ஏழு மணிக்கு நீங்கள் போங்கள்.

பத்தாம் வகுப்பில் விழித்துக்கொள்வது

பல பிள்ளைகள் நம் பள்ளிக்கு வரும் முன்பே நழுவிவிடுகிறார்கள். நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. டி.சி. வாங்கிய பிள்ளை ஒன்பதில் எங்கும் சேராவிட்டால் எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்பில் வெறும் பெயராகக் கிடக்கும். பள்ளி திறந்த முதல் வாரமே சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எட்டு முடித்தவர்கள் பட்டியலை வாங்கி, யார் சேரவில்லை என்று வீடு வீடாகப் பாருங்கள். ஆகஸ்டில் போனால் பிள்ளை வேலைக்குப் போயிருக்கும்.

பெண் பிள்ளை வீட்டில் பணத்தைப் பேசத் தயங்குவது

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே, கல்யாணப் பேச்சு எழும் முன்பே, அம்மாவிடம் சொல்லுங்கள்.

நூறு சதவீத ஆசை

பொதுத்தேர்வில் பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, "நீ பள்ளி மூலமா வேண்டாம், தனித்தேர்வரா எழுதிக்கோ" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

தேறாதவரை மறப்பது

பொதுத்தேர்வில் தேறாதவர்கள் மறுபடி எழுதும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். தேறாத பிள்ளை அந்த நாட்களில்தான் வெளியே தலைகாட்டாது. முடிவு வந்த அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போங்கள்.