புது டாட்டூவில் கிருமி பிடித்திருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

கெண்டைக்காலில் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் ராத்திரி, போர்வை பட்டாலே வலித்தது. மூன்றாம் நாள் அப்படி வலிக்கவில்லை. அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இன்னும் நாலு நாள் தள்ளிப்போட்டேன், கடைசியில் டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிட்டுத்தான் சரியானது. அந்த நாட்களில் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எப்படிக் கழுவுவது, என்ன தடவுவது என்பதை உங்கள் ஆர்ட்டிஸ்ட் சொல்லியிருப்பார், அதற்குள் போகவில்லை.

முதலில், எது சாதாரணம்

ஊசி மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை போய் மையை விடுகிறது, ஆக இது ஒரு புண்தான். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம், சூடு, வெயிலில் வெந்த மாதிரி எரிச்சல், தெளிந்த நீரோ மை கலந்த நீரோ கசிவது எல்லாம் இருக்கும். அப்புறம் தோல் உரியும், அரிக்கும், மையோடு சேர்ந்து செதில் செதிலாக உதிரும். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மேலே ஒட்டும் ஃபிலிம் போட்டிருந்தால் அதற்கு அடியில் கருப்பாகத் தண்ணீர் தேங்கும், அதுவும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஃபிலிமின் ஓரம் பிரிந்து கசிய ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள், வெளி அழுக்கு அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

அடுத்து, நேற்றோடு இன்றை ஒப்பிடுங்கள்

இதில்தான் நான் சறுக்கினேன். எங்கே தேடினாலும் “சிவப்பு பரவுகிறதா பாருங்கள்” என்றுதான் இருந்தது, படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. என் காலில் சிவப்பே இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். கருத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கத்தரிப்பூ நிறமாகவோ, பழுப்பாகவோ, சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கருப்பாகவோ தெரியும். தோல் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளக்கும். ஆகவே நம் தோலுக்குக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், கையையும் பயன்படுத்துங்கள்.

செய்ய வேண்டியது இது. வெளியே போய்வந்த உடனே பார்க்காதீர்கள், குளித்த உடனேயும் வேண்டாம், ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் உட்காருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டு, புறங்கையை டாட்டூவின் மேல் வைக்காமல் அதைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வையுங்கள். அடுத்து இன்னொரு காலில் அதே இடத்தில் வையுங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும், அம்மா நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாரே, அதே மாதிரி. சூடு எங்கே முடிகிறதோ, வீக்கம் எங்கே வடிகிறதோ, அந்த எல்லைக்குச் சற்று வெளியே பால்பாயின்ட் பேனாவால் லேசாக ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் மணியும் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம், நம் ஊர் வியர்வையில் அரை நாளில் கரைந்துவிடும். தினமும் காலையில் அதே ஜன்னல் பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு எல்லாமே குறைந்துகொண்டு வர வேண்டும். கோட்டைத் தாண்டிச் சூடோ வீக்கமோ போனால், குறைந்த வலி திரும்பி வந்து விண் விண்ணென்று தெறித்தால், தெளிந்த நீர் போய் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சீழ் வந்தால், வாடை அடித்தால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். என் கோட்டை அடுத்த நாள் காலையில் பார்த்தபோது வீக்கம் அதைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது.

மருந்துக்கடை க்ரீம் தடவாதீர்கள்

நான் தடவினேன். “அரிப்பு, வீக்கம்” என்று கடையில் சொன்னதும் சீட்டே கேட்காமல் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது, வீக்கம் வடிந்தது, அரிப்பு நின்றது. அப்புறம் முன்னைவிட மோசமானது. தோல் டாக்டர் டியூபின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார்: ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒன்றாக. கிருமியோடு உடம்பு சண்டை போடுவதால்தான் வீக்கமும் சிவப்பும் வருகின்றன, அந்தச் சண்டையை ஸ்டீராய்டு அமுக்கிவிடும், கிருமி அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். பெயர் ‘-சோன்’, ‘-சோல்’ என்று முடிவதை வைத்து எது ஸ்டீராய்டு என்று நமக்குத் தெரியாது, குளோபெட்டசோல் ஸ்டீராய்டு, மைக்கோனசோல் பூஞ்சை மருந்து. கடையில் நின்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். அமாக்ஸிசிலின் நாலு மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவதும் இதே கதைதான்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். திறந்த புண்ணில் வேண்டாம். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது கிடையாது, அதோடு தோலில் மஞ்சள் ஏறிவிட்டால் நிறம் மாறுவதையும் பார்க்க முடியாது.

காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், குளிர் நடுக்கம் வந்தால், டாட்டூவிலிருந்து மேல்நோக்கிக் கோடு கோடாகச் சிவந்தோ கருத்தோ ஓடினால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைசுற்றலோ, படபடப்போ, பேச்சுக் குழறலோ சேர்ந்தால் 108. காலில் டாட்டூ என்றால் தொடை இடுக்கிலும், கையில் என்றால் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பாராசிட்டமால் போடுவதற்கு முன்பு காய்ச்சலை அளந்து எழுதி வையுங்கள், போட்ட பிறகு அளந்தால் உண்மையான அளவு தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் சின்ன சந்தேகம் என்றாலும் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கடலில் இறங்காதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், புது டாட்டூவோடு மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர் கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி தாக்கி இறந்துபோனதை 2017இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது. டாட்டூ போட்டு ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது.

பின்னால் சேர்த்தது

“மூன்று வாரம் கழித்து, ஆறிய டாட்டூவில் சின்னச் சின்னதாக முடிச்சு வருகிறது, காய்ச்சல் இல்லை, சீழும் இல்லை” என்று ஒருவர் கேட்டார். இதை நான் முதலில் எழுதவில்லை, தவறு. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சில மையிலேயே இருந்து இப்படித் தாமதமாகக் கிளம்பும். அமெரிக்காவின் ராசெஸ்டரில் 2011 கடைசியில் ஒரே ஆர்ட்டிஸ்டிடம் போட்டுக்கொண்ட 19 பேருக்கு இது வந்தது, காரணம் முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் நிற மை. சாதாரண ஆன்டிபயாட்டிக் இதற்குப் பெரும்பாலும் கேட்காது, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டிவரும், ஆகவே தோல் டாக்டரிடமே போங்கள். சிவப்பு மை உள்ள இடம் மட்டும் தடித்து அரித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, மாதங்கள் கழித்துக்கூட வரும், அதையும் அவரே பார்ப்பார்.

போகும்போது டாட்டூ போட்ட தேதி, மையின் பெயர் தெரிந்தால் அது, தினமும் எடுத்த போட்டோக்கள், இதுவரை தடவிய டியூப் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சீழ் இருந்தால், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு எடுக்கலாமா என்று கேளுங்கள். பேனாக் கோட்டை அழிக்காமல் போங்கள், என் டாக்டர் முதலில் பார்த்தது அதைத்தான்.