‘ஆர்வம் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

மனநல மறுவாழ்வு மையத்துக்குப் பயிற்சிக்கு வரும் சமூகப்பணி மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த பிழைகள் அதே வாக்கியங்களோடு இன்றும் அவற்றில் வருகின்றன. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் உள்ளவரைச் சோம்பேறி என்று திட்டக்கூடாது, “மனம் வைத்தால் முடியும்” என்று உபதேசம் செய்யக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். அக்கறையோடு செய்யப்படும் தவறுகளே என்னை எழுதவைக்கின்றன.

‘ஆர்வம் இல்லை’ என்று எழுதி முடிப்பது

காலையில் மாணவர் போய்க் கேட்கிறார்: “அண்ணா, தோட்டத்துக்கு வருகிறீர்களா?” “வேண்டாம்.” “கேரம் ஆடலாமா?” “வேண்டாம்.” மாலையில் குறிப்பேட்டில் ‘ஆர்வம் இல்லை’ என்று ஏறிவிடுகிறது. இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அது அந்தத் தாளோடு நிற்பதில்லை. அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டு அழைப்பதையே விட்டுவிடுகிறார். தொழிற்பயிற்சிப் பட்டியலில் பெயர் விடுபடுகிறது. வீட்டிலும் “அவனுக்கு எதுவும் பிடிக்காது” என்று முடிவாகிவிடுகிறது. கல்யாணத்துக்குக் குடும்பமே கிளம்பும்போது அவருக்கு மட்டும் அழைப்பில்லை. இப்படியே ஆண்டுகள் போய்விடுகின்றன.

வரப்போகும் ஒன்றை மனத்தில் நினைத்துப் பார்த்து, அதன் இனிமையை முன்கூட்டியே உணர்ந்து, அதற்காக எழுந்து கிளம்புவது ஒரு திறன். அந்த இனிமை கிடைக்கும்போது அனுபவிப்பது வேறொரு திறன். மனச்சிதைவில் பெரும்பாலும் அடிபடுவது முதலாவதுதான். உளவியலாளர்கள் டேவிட் கார்ட், ஆன் கிரிங் ஆகியோரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்குப் பேஜர் கொடுத்து, அன்றாட வாழ்க்கையின் நடுவே அவ்வப்போது கேள்வி கேட்டார்கள். செய்துகொண்டிருக்கும் செயலில் கிடைத்த மகிழ்ச்சியில் நோய் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இனி வரப்போவதில் எதிர்பார்த்த மகிழ்ச்சி மட்டும் குறைவாக இருந்தது. அப்படியானால் நாம் காலையில் கேட்கும் கேள்வி, அவரிடம் மிகவும் பலவீனமாக இருக்கும் இடத்தைப் பார்த்துக் கேட்கப்படுகிறது.

எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள், நோய் வருவதற்கு முன் பூக்கட்டி விற்றவர். “பூக்கட்டலாமா அம்மா?” என்றால் தலையை அசைத்து மறுப்பார். ஒருநாள் அவருடைய தங்கை வந்தார். எதுவும் கேட்கவில்லை. வாழைநாரை நனைத்து, மல்லிகை மொட்டுகளை முறத்தில் கொட்டி, அக்காவின் முன்னே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தான் கட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை நாருக்குப் போயிற்று. தங்கை கட்டியது நெருக்கமாக இல்லை என்று அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். முறம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் மாணவி ஆசையோடு அதே கேள்வியைக் கேட்டார். பதில் “வேண்டாம்.”

இந்த இடத்தில்தான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். நேற்றைய இனிமை இன்றைய முடிவுக்குத் துணையாக வந்து சேரவில்லை. அதை நாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். செயல் முடிந்த கையோடு “எப்படி இருந்தது?” என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அழைக்கும்போது படித்துக் காட்டுங்கள். அந்த அம்மாள் சொன்னது “கைக்குச் சுகமாக இருந்தது” என்பதுதான். அதைப் படித்துக் காட்டிய நாள்களில் அவர் மறுப்பது குறைந்தது. குறிப்பேட்டிலும் ‘கேட்டபோது மறுத்தார், பொருளை முன்னே வைத்தபோது செய்தார்’ என்று எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு அது வழிகாட்டும். பொருளை வைத்த பிறகும் அவர் எழுந்து போனால், போகவிடுங்கள். கையைப் பிடித்து உட்காரவைப்பது நம் வேலை இல்லை.

பரிசைப் பெரிதாக்கிக்கொண்டே போவது

“ஒரு மாதம் தவறாமல் குளித்தால் செல்போன் வாங்கித் தருகிறேன்” என்று பெற்றோர் சொல்வார்கள். இரண்டாவது வாரத்தில் நின்றுவிடும். பரிசின் மதிப்பு கூடும்போது மற்றவர்கள் கூடுதலாக உழைக்கத் தயாராகும் அளவுக்கு இந்த நோய் உள்ளவர்களில் பலர் தயாராவதில்லை என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பரிசைக் கூட்டுவதைவிட உழைப்பைக் குறையுங்கள். வெந்நீர், துண்டு, மாற்றுத் துணி மூன்றும் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பரிசு கொடுப்பதானால் சிறிதாக, உடனே கொடுங்கள். 1960களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து அன்னா அரசு மருத்துவமனையில் அய்லான், ஆஸ்ரின் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய டோக்கன் முறை (வேலை செய்ததும் டோக்கன் கொடுத்து, அதைப் பிடித்த பொருளுக்கு மாற்றிக்கொள்ளவிடுவது) அப்படித்தான் வேலை செய்தது. டோக்கனை நிறுத்தியதும் நோயாளிகள் செய்த வேலையும் சரிந்தது என்பதையும் அவர்களே காட்டினார்கள். செயலிலேயே இருக்கும் சுகத்தைத் தேடிப் பிடிப்பதுதான் நீடிக்கும்.

பறித்து மிரட்டுவது

டீயையும் கைச்செலவுப் பணத்தையும் ஆயுதமாக்காதீர்கள். இழப்பு அவர்களுக்கு நன்றாகவே உறைக்கிறது. அதிலிருந்து அவர்கள் கற்பது நம்மைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்பதைத்தான்.

முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியை அளப்பது

முகபாவம் குறைவதும் நோயின் ஒரு கூறு. வாயால் கேளுங்கள்.

எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதுவது

மருந்தைத் தொடங்காதவர்களிடமும் உந்துதல் குறைவு காணப்படுகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் மாத்திரையே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் மருந்தால் வரும் உடல் இறுக்கமும் தூக்கமும் அப்படியே ஊக்கமின்மைபோலத் தோன்றும். மனச்சோர்வும் அப்படித்தான். வெளியே போனால் திட்டுவேன் என்று காதில் குரல் மிரட்டிக்கொண்டிருந்தாலும் ஒருவர் கட்டிலைவிட்டு இறங்கமாட்டார். இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு.

நடை மெதுவாகிவிட்டதா, கை வீசி நடக்கிறாரா, மருந்தின் அளவு மாறிய பிறகு தொடங்கியதா, பகலில் எந்த நேரத்தில் தூக்கம் வருகிறது, அழுகிறாரா, சாகவேண்டும் என்று பேசுகிறாரா என்பதையெல்லாம் கவனித்து எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அடுத்த வருகைவரை காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.