மாதிரி 384 என்று எழுதும் முன்

ஒவ்வொரு ஆண்டும் முகாமைத்துவ இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகள் மேசைக்கு வரும்போது, நாங்கள் படித்த காலத்துப் பிழைகளையே புதிய அட்டையோடு பார்க்கிறேன். எழுத்துப்பிழை, பக்க எண் குழப்பம் எல்லாம் கிடக்கட்டும்.

384

மாதிரியின் அளவு, அதாவது ஆய்வுக்காகக் கேட்கும் ஆட்களின் எண்ணிக்கை, 384 என்று கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையின் கடைசி வரி அது. குடித்தொகை, அதாவது ஆய்வுக்குரிய மொத்த ஆட்கள், பத்து இலட்சமானாலும் 384 பேர் போதும் என்கிறது, சரிதான். ஆனால் எழுமாறாக, எல்லோருக்கும் சம வாய்ப்புக் கிடைக்கும்படி குலுக்கல் போலத் தெரிவு செய்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். நிபந்தனையைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

யாழ்ப்பாணச் சிறு வியாபாரிகள் கியூஆர் வழியாகப் பணம் பெற விரும்புகிறார்களா என்று ஆராய்ந்தார் ஒரு மாணவி. கூகுள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் போட்டார். 384 பதில்கள் சேர்ந்தன. பெரும்பாலானோர் விரும்புகிறார்கள் என்று முடிவும் வந்தது. வராமல் என்ன செய்யும்? கைபேசியில் படிவம் நிரப்பப் பழகியவர்களிடம் மட்டும்தானே கேட்டிருக்கிறார்! யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சாக்கு விரித்துக் கத்தரிக்காய் விற்கும் அம்மாவிடம் அந்தப் படிவம் போகவே இல்லை.

“சேர், இன்னும் நூறு பேரைப் போடட்டுமா?”

“ஆயிரம் பேரைப் போட்டாலும் அதே ஆட்கள்தானே, பிள்ளை.”

தரவு சேகரிப்பு முழுவதும் மறுபடி தொடங்கியது. சமர்ப்பிக்கும் திகதி மட்டும் நகரவில்லை.

பிரதேச செயலகத்தில் பதிவான வியாபாரங்களின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பதியாதவர்கள் அதில் இல்லை என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். பட்டியல் கிடைக்காவிட்டால் சந்தையைச் சுற்றி நடந்து கடைகளுக்கு இலக்கமிட்டு, எக்செலில் எழுமாற்று எண்களை எடுத்துத் தெரிவு செய்யலாம். 200 கடைதான் தேறியது என்றால் அதே அட்டவணை கேட்பது 132தான். அதற்கும் வழியில்லையா? வசதி மாதிரி, அதாவது கைக்கெட்டியவர்களிடம் மட்டும் கேட்டது, என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அட்டவணையின் பெயரை அங்கே இழுக்காதீர்கள்.

ஆல்பா 0.95

வினாக்கொத்தின் கூற்றுகளுக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் குரொன்பாக் ஆல்பா. அது 0.7ஐத் தாண்டினால் மாணவர்களுக்கு மகிழ்ச்சி. 0.95 என்றால் நான் படிவக் கட்டைக் கேட்பேன். ஒரு கட்டில், ஒருவர் எல்லாக் கூற்றுக்கும் 4, அடுத்தவர் எல்லாவற்றுக்கும் 2 என்று மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில் புள்ளடி போட்டிருந்தார்கள். “இந்தச் சேவையில் எனக்குத் திருப்தியில்லை” என்ற எதிர்மறைக் கூற்றும் அந்தக் கோட்டில் அகப்பட்டிருந்தது. எவரும் வாசிக்காமல் நிரப்பினாலும் ஆல்பா இப்படி உயரும்.

தாக்கம்

ஒரே தடவை எடுத்த வினாக்கொத்துத் தரவை வைத்துத் “தாக்கம்” என்று எழுதாதீர்கள். எது எதனால் வந்தது என்று அந்தத் தரவு சொல்லாது. “தொடர்பு” போதும்.

முன்னோடிச் சோதனை

வினாக்கொத்தைப் பத்துப் பேரிடமாவது முதலில் கொடுத்துப் பாருங்கள். மாத வருமானத்தைக் கேட்கும் இடத்தில் கடைக்காரர் பேனையை மூடுகிறாரா என்பது அப்போதுதான் தெரியும். மூடினால் அந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய், தொகையை எழுதச் சொல்லாமல் வீச்சுகளாகக் கொடுங்கள்.