கண்ணிவெடி இருக்கும் இடமென்று தெரிந்தால் முதலில் நில்லுங்கள்

ஏப்ரல் 4 கண்ணிவெடி விழிப்புணர்வு நாள். அன்றைக்குப் படம் பகிர்வதோடு நிறுத்தாமல் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மண்டையோடு வரைந்த பலகையோ, பாதி புதைந்த உலோகப் பொருளோ, புல்லுக்குள் மெல்லிய கம்பியோ கண்ணில் பட்டால் அப்படியே நிற்க வேண்டும், ஓடக்கூடாது, எதையும் தொடக்கூடாது. கூட வருபவர்களையும் சத்தம் போட்டு நிறுத்திவிட்டு, அசையாமல் உதவிக்குக் கூப்பிட்டுக் காத்திருங்கள். ஒருவர் காயம்பட்டு விழுந்தாலும் பாய்ந்து போகக்கூடாது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் காப்பாற்றப் போகிறவர் அடுத்த வெடியை மிதித்துவிடலாம்.

அப்புறம், போன வருடம் நடந்த பாதைதானே என்று நம்பாதீர்கள், வெள்ளம் வந்தால் வெடி இடம் மாறிவிடும்.

வெடி அகற்றுபவர்கள், உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒலிக்கும் ஒவ்வொரு இடத்தையும், அது கடைசியில் துருப்பிடித்த ஆணியாகவே இருந்தாலும், மண்டியிட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்த்துத்தான் நகர்கிறார்கள். வேலை மெதுவாக நடக்க முக்கியக் காரணம் இதுதான். அவர்கள் நட்ட குச்சியை விறகுக்கோ, கட்டிய நாடாவை வேலிக்கோ தயவுசெய்து எடுக்காதீர்கள், அடுத்து வருபவருக்கு ஆபத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.