ஸ்கோபஸ் என்று சொன்னால் போதுமா? பிஎச்.டி. ஸ்காலர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

பிஎச்.டி. ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். ஸ்காலர் முகமெல்லாம் சிரிப்பாக, பேப்பரை ஜர்னல் ஏற்றுக்கொண்ட அக்செப்டன்ஸ் கடிதத்தை நீட்டுவார். கமிட்டியில் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து ஜர்னலின் பெயரைத் தட்டுவார். இரண்டு நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு, "இதைப் போன வருஷமே ஸ்கோபஸ்ல இருந்து எடுத்துட்டாங்களேம்மா" என்று ஒரு குரல். ஸ்கோபஸ் என்பது தரம் பார்த்துச் சேர்க்கப்பட்ட ஆய்வு ஜர்னல்களின் பட்டியல்.

கட்டணத் தேதியைத் தவறவிடுவது, படிவத்தில் கையெழுத்து விடுபடுவது போன்ற தவறுகள் இந்தக் கட்டுரையில் வராது. அதையெல்லாம் ஆபீஸ் கிளார்க்கே சொல்லிவிடுவார்.

கைடின் பெயரை மட்டும் பார்த்துச் சேருவது

முடிந்த தீசிஸ்களைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் கைடின் (ஆய்வு வழிகாட்டியின்) பெயரைப் போட்டால் அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்கள் வரும். பல தீசிஸ்களின் விவரத்தில் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். நாலைந்து பேருக்குக் கழித்துப் பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. எல்லோரும் மறுபதிவில்தான் கரையேறியிருக்கிறார்கள் என்றால் வேறு கைடைத் தேடுங்கள். பாதியில் விட்டுப் போனவர்கள் சோத்கங்காவில் இருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கு சீனியர்களிடம்தான் இருக்கும், அதுவும் டீக்கடையில்தான் வெளியே வரும்.

"ஸ்கோபஸ்தான் சார், நாலு நாள்ல அக்செப்டன்ஸ்"

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். தீசிஸின் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க மூன்று மாதம் இருக்கும்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். பேப்பரை அனுப்புங்கள், நாலு நாளில் அக்செப்டன்ஸ், பணம் இந்த யுபிஐ எண்ணுக்கு. துறை வல்லுநர்கள் பேப்பரைப் படித்து மதிப்பிடும் பியர் ரிவ்யூ ஒழுங்காக நடந்தால் அதற்கு வாரங்களாவது வேண்டும். ரிவ்யூவர் சம்மதிக்கவே சில நாட்கள் ஆகும். நாலு நாளில் வரும் கடிதத்துக்குப் பின்னால் யாரும் பேப்பரைப் படிக்கவில்லை.

பலரும் பணம் போய்விடுமே என்றுதான் பயப்படுகிறார்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம். போவது டேட்டா. இரண்டு ஆண்டு உழைத்து எடுத்த முடிவு ஒருமுறை எங்காவது வெளியாகிவிட்டால் அதை இன்னொரு ஜர்னலுக்கு அனுப்ப முடியாது, அனுப்பினால் இரட்டை வெளியீடு. மற்ற எழுத்தோடு ஒற்றுமை பார்க்கும் சிமிலாரிட்டி சோதனையில் உங்கள் பேப்பரே உங்களைக் காட்டிக்கொடுக்கும். திரும்பப் பெறலாம் என்று எழுதினால் 'வித்ட்ராயல் ஃபீஸ்' கேட்பார்கள். காப்பிரைட் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் காட்டி மிரட்டுவார்கள்.

இப்படிக் கவிழ்க்கும் ஜர்னல்களில் மூன்று வகை உண்டு. முதலாவது, ஸ்கோபஸில் என்றுமே இல்லாத ஜர்னல். 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருக்கும். கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர், கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவது மட்டும்தான். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் தரச்சான்று கிடையாது, யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும்.

இரண்டாவது, குளோன் ஜர்னல். உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் எடுத்துப் போலித் தளம் நடத்துவது. இந்தப் போலிகள் ஸ்கோபஸ் பக்கங்களுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. அதனால்தான் 2023 டிசம்பரில் ஸ்கோபஸ் தன் பட்டியலிலிருந்து ஜர்னல் முகப்புப் பக்க லிங்க்குகளையே எடுத்துவிட்டது.

மூன்றாவதுதான் விவரம் தெரிந்தவர்களையும் கவிழ்ப்பது. நேற்று வரை ஸ்கோபஸில் இருந்த ஜர்னல் நடுவில் நீக்கப்படும். ஏற்கெனவே ஏறிய பேப்பர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அக்செப்ட் ஆகி இன்னும் ஏறாமல் நிற்பவைதான் மாட்டிக்கொள்ளும். பெரிய நிறுவனத்தின் பெயரும் காப்பாற்றாது. வைலி வாங்கிய ஹிந்தாவி, 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. காசுக்குப் போலிக் கட்டுரை தயாரிக்கும் பேப்பர் மில்கள் சிறப்பிதழ்களில் புகுந்ததுதான் காரணம்.

"யுஜிசி லிஸ்ட்ல இருக்கா?" என்று இன்னும் கேட்கிறார்கள். 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களைத் தூக்கியது. பிறகு வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும் வந்துவிட்டது.

பார்ப்பதற்கு இருபது நிமிடம் போதும். ஸ்கோபஸின் சோர்சஸ் பக்கம் இலவசம். அங்கே பெயரைப் போடாதீர்கள், ஐஎஸ்எஸ்என்னைப் போடுங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய. கவரேஜ் ஆண்டு நிகழ்காலம் வரை வருகிறதா, நிறுத்தப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பாளர் பெயரும் நாடும் உங்களிடம் இருக்கும் தளத்தோடு பொருந்துகிறதா என்று ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் பாருங்கள். குளோன் பெரும்பாலும் இங்கேயே சிக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம், கடத்தப்பட்ட (அதாவது குளோன் செய்யப்பட்ட) ஜர்னல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது, அதையும் ஒரு பார்வை. சமீபத்திய இதழில் ஐந்து பேப்பரைத் திறந்து ரிசீவ்டு, அக்செப்டட் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரு வாரத்துக்குள் என்றால் மூடிவிடுங்கள். ஒரு பேப்பரின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை டிஓஐ தளத்தில் போட்டால் அதே பேப்பர் திறக்க வேண்டும். எடிட்டோரியல் போர்டில் இரண்டு பெயரை எடுத்து அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த ஜர்னலைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இதைச் சமர்ப்பிக்கும் அன்றும், பணம் கட்டும் அன்றும், இரண்டு முறை செய்ய வேண்டும். இடையில் ஆறு மாதம் ஓடியிருக்கலாம்.

ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றால் பணம் கட்டாதீர்கள், காப்பிரைட் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லா ஆசிரியர்களின் பெயரிலும், கைடை சிசியில் வைத்து, திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பி, அதைப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பதில் வராமல் போகலாம். அப்படியானால் அடுத்த ஜர்னலின் எடிட்டருக்குக் கவர் லெட்டரில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுங்கள். மறைத்துப் பிறகு மாட்டுவதைவிட அவர் வேண்டாம் என்று சொல்வதே மேல்.

இத்தனைக்கும், தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இலேயே எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதியை வாங்கிப் படியுங்கள். இல்லாத விதிக்குப் பயந்து பணம் கட்டியவர்களும் உண்டு.

பத்து சதவீதத்துக்குள் கொண்டுவர 'ஸ்பின்' செய்வது

யுஜிசியின் 2018 விதிப்படி தீசிஸில் ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் திருத்திய தீசிஸை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. தற்செயலாகப் பொருந்தும் 14 சொற்கள் வரையிலான தொடர்களும் ரெஃபரன்ஸ் பட்டியலும் கணக்கில் வராது. அதனால் முதலில் அந்த ஃபில்டர்களைப் போட்டு ரிப்போர்ட் எடுங்கள்.

அதை விட்டுவிட்டு மென்பொருளில் போட்டு வார்த்தையை மாற்றினால், 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடும். இப்படிச் சிதைந்த சொற்களைத் தேடிப்பிடிக்கவே இன்று கருவிகள் உண்டு. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆசிரியர் வரிசையைக் கடைசியில் பேசுவது

பேப்பரில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதை முதல் டிராஃப்டுக்கு முன்பே பேசி, மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

பல்கலைக்கழக மெயிலை மட்டும் நம்புவது

முடித்துப் போன பிறகு அந்தக் கணக்கை மூடிவிடலாம். அதிலிருக்கும் டிரைவும் கூடவே போகும். மூல டேட்டாவைத் தனி ஹார்டு டிஸ்க்கிலும் வையுங்கள். ஆய்வாளர் அடையாள எண் தரும் ஆர்க்கிட் கணக்கில் சொந்த மெயிலையும் சேர்த்துவிடுங்கள்.